நிழலே இல்லாத முற்றத்துல ஒரு கருப்பு கார் பாலிஷ்: மணவாளக்குறிச்சி பக்கம் நடந்த வேலையோட முழு விவரம்

யாரோட கார், ஏன் அவசரம்

நான் வாரத்துல 6 நாள் நாகர்கோவில்ல ஒரு பாடி ஷாப்ல வேலை பாக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுக்கே போய் கார் பாலிஷ் போட்டுக் குடுப்பேன். இது போன மாசி மாசம் நடந்த ஒரு வேலை. நான் சொதப்பினதும் இதுல இருக்கு, அத மறைச்சு எழுதினா படிக்கிறவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஓனர் ஒரு ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார், ஊரே சார்னு தான் கூப்பிடும், இங்கயும் சார்னே எழுதுறேன். வீடு மணவாளக்குறிச்சி பக்கம், கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். கார் 8 வருசம் ஆன செடான், மெட்டாலிக் கூட இல்லாத கரிக்கருப்பு, அதாவது நகம் பட்டா கூட ஊருக்கே காட்டிக்குடுக்குற கலர். கார் ஷெட் கெடையாது. கிழக்கு பாத்த வீடு, முன்னால முற்றம், தெக்கு மூலையில ஒரே ஒரு தென்னை, அதோட நிழல் கார் மேல விழுறது கம்மி, பூவும் பாளைத் தும்பும் காக்கா எச்சமும் விழுறது தான் ஜாஸ்தி.

மகளுக்கு நிச்சயதார்த்தம் வச்சிருந்தாங்க, ரெண்டு வாரம் தான் இருந்துச்சு. துபாய்ல இருக்க மகன் வீடியோ கால்ல காரப் பாத்துட்டு "என்னப்பா இது சாம்பல் பூத்துக் கெடக்கு"ன்னு கேட்டுட்டானாம், அதுல சாருக்கு ரோசம் வந்துருச்சு. கடையில குடுத்துரலாமேன்னு நான் தான் முதல்ல சொன்னேன். ரெண்டு வருசம் முன்ன ஒரு இடத்துல குடுத்து, ரோட்டரி மெஷினப் (ஒரே எடத்துல வேகமா சுத்துற பாலிஷ் மெஷின்) போட்டு அமுக்கி எடுத்து, வெயில்ல நிறுத்தினா பேனட் பூரா வில்லு வில்லா வட்டம் தெரியிற மாதிரி திரும்பி வந்துச்சாம், அதனால "என் கண்ணு முன்னால நடக்கணும் மக்ளே"ன்னு சொல்லிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் பாத்தது

வேலைக்கு முந்துன நாள் போய் ஒரு டோரையும் பேனட்ல பாதியையும் மட்டும் கழுவி, டார்ச் அடிச்சுப் பாத்தேன். செலந்தி வலை மாதிரி கீறல் எல்லா பேனல்லயும் இருந்துச்சு, அது கருப்பு கார்ல எதிர்பாத்தது தான். ஆனா ரூஃப்லயும் பேனட் ஓரத்துலயும் இருந்த கீறல் வேற மாதிரி, ஒரே திசையில சின்னச் சின்னதா, உப்புத்தாள் வச்சு லேசா இழுத்த மாதிரி. சார்ட்ட கேட்டேன், ராத்திரி காருக்கு கவர் போடுவீங்களான்னு. தெனமும் போடுவேன்னு பெருமையா சொன்னார். காலையில கவர எடுத்துட்டு பழைய வேட்டித் துணியால தூசி தட்டுவாராம், வெள்ளம் (தண்ணி) தொடாம.

விசயம் அங்க தான் இருக்கு. அந்த கடற்கரை மணல் சும்மா மண்ணு இல்ல, இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்து கெடக்குறதுனால தான் அங்க மணல் ஆலையே இருக்கு. இதுல கார்னெட்ட மரவேலைக்காரங்க தேய்க்கிற உப்புத்தாள்ல ஒட்டுறதுக்கே பயன்படுத்துறாங்க. கடினத்த அளக்குற மோஸ் அளவுல கார்னெட் 6.5ல இருந்து 7.5 வரை வரும், சிர்கான் 7.5, ரெண்டுக்கும் முன்னால கார் கலருக்கு மேல கண்ணாடி மாதிரி இருக்க கிளியர் கோட் பூச்சு வெறும் மெழுகு மாதிரி. காத்துல பறந்து கவருக்கு அடியில போய் உக்காந்த மணல, ராத்திரி பூரா அடிச்ச காத்து கவரோட சேத்துத் தேச்சிருக்கு, மிச்சத்த காலையில சார் வேட்டியால தேச்சிருக்கார். கார பத்திரமா பாக்குறேன்னு 8 வருசம் உப்புத்தாள் போட்டுருக்காங்க. இத சொன்னப்ப சார் மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு, டீச்சரம்மா (அவரு வீட்டம்மாவும் ரிட்டயர்டு டீச்சர் தான்) உள்ள இருந்து சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு.

பெயிண்டோட கனத்தக் காட்டுற கேஜ் வச்சு அளந்தேன். பெரும்பாலும் 105ல இருந்து 120 மைக்ரான், அதாவது கம்பெனி பெயிண்ட். பின்னால இடது டோர் மட்டும் 240, அது ரீபெயிண்ட், சாரும் ஒத்துக்கிட்டார். பேனட்டோட முன் விளிம்பு 94 தான் காட்டுச்சு, பழைய ரோட்டரிக்காரர் அங்க நெறய தின்னிருக்கார். மொத்த பெயிண்ட்ல மேல இருக்க கிளியர் கோட் பொதுவா 40, 50 மைக்ரான் தான், அதுல தேச்சது திரும்ப வராது, அதனால அந்த விளிம்புக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி இங்க மெஷின் வரக்கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ரூஃப்ல காக்கா எச்சம் அரிச்ச தடம் மூணு, போர் வெள்ளத்தோட சுண்ணாம்புப் புள்ளி ஜன்னலுக்குக் கீழ வரிசையா.

முதல் ஞாயிறு: தார்பாய் கட்டின கதை

அன்னைக்கு எனக்கு மனசுல இருந்தது ஒரே கணக்கு, வெளிய பாலிஷ் போட பிரச்சினை வெயில், வெயிலுக்கு மருந்து நிழல், நிழல் இல்லன்னா உண்டாக்கிக்கலாம். கல்யாண வீட்டுக்கு காவணம் (பந்தல்) போடுற பழக்கம் உள்ள ஊரு தானே. சார் ஒரு பெரிய நீலத் தார்பாய் எடுத்து வச்சிருந்தார், நானும் கூட வந்த பயலும் சேந்து தென்னையில ஒரு கயிறு, ஜன்னல் கம்பியில ரெண்டு, காம்பவுண்ட் சுவர்ல ஆணி அடிச்சு ரெண்டுன்னு கட்டினோம். 7 மணிக்குப் போனவங்க கட்டி முடிக்க 9 ஆயிருச்சு, கழுவி, பெயிண்ட்ல ஒட்டின அழுக்க எடுக்குற களிமண் கட்டி (கிளே பார்) போட்டு இழுத்து, தொடச்சு மெஷின எடுக்க 10:15. அந்த ரெண்டு மணி நேரத்துல தான் அன்னைக்கு உள்ள நல்ல நேரம் பூரா போச்சுன்னு அப்ப தெரியல.

டெம்பரேச்சர் கன் வச்சுப் பாத்தா பேனட் 41 டிகிரி. வெயில்ல இருந்திருந்தா 50க்கு மேல போயிருக்கும், அதனால நமக்கு ஜெயம்னு நெனச்சேன். ஆனா தார்பாய் தாழ்வா கட்டினதுனால மேல இருந்து அனல் கீழ அடிச்சுது, உள்ள நிக்கிற எங்களுக்கு அடுப்படியில நிக்கிற மாதிரி. பாலிஷ்ல உள்ள எண்ணெயும் ஈரமும் தான் பெயிண்ட தேய்க்கிற தூள வழுக்கி ஓட வைக்கிறது, பேனல் சூடா இருந்தா அது ஒரு நிமிசத்துல காஞ்சு, மாவு மாதிரி பறந்து, மிச்சம் பெயிண்ட்ல ஒட்டிக்கும், அத தொடைக்கப் போனா புதுசா கீறல். நாலு சொட்டு போட வேண்டிய எடத்துல எட்டு சொட்டு போட்டு ஓட்டினேன். இன்னொரு தொல்லை, நீலத் தார்பாய்க்கு அடியில எல்லாமே நீலமா தெரியிது, கீறல் போச்சா இருக்கான்னே கண்ணுக்குப் பிடிபடல. வெயில் தான் வேலைக்கு எதிரி, ஆனா கீறலப் பாக்குறதுக்கு அத விட நல்ல லைட்டும் கெடையாது, நான் ரெண்டையும் சேத்து மூடிட்டேன்.

11 மணி தாண்டினதும் கடக்காத்து ஏறுச்சு. நம்ம கரையில இது புதுசு இல்ல, ராத்திரியும் விடியக்காலமும் கரையில இருந்து கடலுக்கு லேசா போற காத்து, வெயில் ஏறித் தரை சூடானதும் திரும்பி கடல்ல இருந்து உள்ள அடிக்கும், வள்ளத்துல போறவங்க எல்லாத்துக்கும் தெரிஞ்ச கணக்கு. எனக்கும் தெரியும், ஆனா அன்னைக்கு அத வேலையோட சேத்து யோசிக்கல. தார்பாய் பாய்மரம் மாதிரி ஊதி ஊதி அடங்குச்சு. ஒவ்வொரு தடவ அடங்கும்போதும் அதுக்கு மேல சேந்திருந்த தென்னம்பூ, தும்பு, மணல் எல்லாம் ஓரம் வழியா நேரா பேனட் மேல. மெஷின்ல மாட்டுற ஃபோம் பேடுக்கு அடியில ஒரே ஒரு மணல் துணுக்கு போயிருக்கணும், டிஏ மெஷின் (சுத்திக்கிட்டே ஆடுற பாலிஷ் மெஷின்) ஆடுற ஆட்டத்துல அது பன்னி வால் மாதிரி சுருட்டி சுருட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டுட்டு போச்சு. பய தான் முதல்ல பாத்தான், "அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னான். நிறுத்தி பேட மாத்தி திரும்ப ஆரம்பிக்கும்போது சுவர்ல அடிச்ச ஆணி பிடுங்கி, தார்பாயோட பித்தளைக் கண்ணு வீசிட்டு வந்து ரூஃப் ஓரத்துல ஒரு கொத்து கொத்திருச்சு. உளுந்து அளவு தான், ஆனா பெயிண்ட் போச்சு.

அந்த நேரத்துல ரெண்டு வழி இருந்துச்சு. அவசரமா கயித்த இறுக்கிக் கட்டி எப்படியாவது முடிக்கிறது ஒண்ணு, பாதியில நிறுத்துறது ஒண்ணு. முடிச்சா தான் காசு, அதுவும் அடுத்த ஞாயிறு வேற வீட்டுக்கு ஒத்துக்கிட்டாச்சு. ஆனா ஒரு மணி நேரத்துல நான் போக்கின கீறல விட போட்ட கீறல் ஜாஸ்தி. நிறுத்திட்டேன். சார்ட்ட பன்னிவால் கோட்டையும் ரூஃப் கொத்தையும் கையப் பிடிச்சுக் காட்டி, இது ரெண்டும் என்னால வந்தது, இன்னைக்கு கூலி வேண்டாம், கொத்துக்கு டச்சப் என் செலவுன்னு சொன்னேன். திட்டுவார்னு பாத்தேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு "அந்த டெம்பரேச்சர் கன்ன ரெண்டு நாள் இங்க வச்சிட்டுப் போ"ன்னார்.

சாரோட நோட்டு

இந்த வேலையில உருப்படியான பாகம் இது தான், இத நான் செய்யல.

திங்களும் செவ்வாயும் சார் ஒரு பழைய ரெக்கார்ட் நோட்டுல விடியக்காலம் 6 மணியில இருந்து ராத்திரி 8 வரை பேனட் சூட்ட எழுதிருக்கார். அதோட ஒரு வேலை பண்ணிருக்கார் பாருங்க, செல்லோ டேப்ப பசைப்பக்கம் மேல தெரியிற மாதிரி ஒரு எவர்சில்வர் தட்டுல ஒட்டி, கார் ரூஃப் மேல ஒரு மணி நேரம் வச்சு, எடுத்து நோட்டுல ஒட்டி, லென்ஸ் வச்சு மணல் எண்ணிருக்கார். ஸ்கூல்ல பிள்ளைகளுக்கு செஞ்சு காட்டின மாதிரி.

மேகம் இல்லாத அந்த ரெண்டு நாள்லயும் காலம்பற 6:15க்கு பேனட் 21 டிகிரி, மேல பனி வெள்ளமா நிக்கிது. 7:30க்கு 25. 8:30க்கு 32. 9:15க்கு 40 தொட்டுருச்சு, 10 மணிக்கு 49, மத்தியானம் 12:30க்கு 66. சாயங்காலம் 5:30க்கு திரும்ப 37க்கு எறங்குது. சூட்ட மட்டும் பாத்தா காலையும் சாயங்காலமும் ஒண்ணு தான். டேப்ப பாத்தா தான் வித்தியாசம் தெரியிது, 6ல இருந்து 9 வரை வச்ச டேப்ல அங்கங்க ஒண்ணு ரெண்டு மணல், 11ல இருந்து 4 வரை உள்ளது எண்ணவே முடியல, "நிறைய"ன்னு எழுதிட்டார், 5ல இருந்து 6 வரையும் இருபதுக்கு மேல. 7 மணிக்கு காத்து அடங்குது, ஆனா லைட் போட்டா பூச்சி. அன்னைக்கு ராத்திரி டேப்ல மணலே இல்ல, பூரா கொசுவும் சின்ன வண்டும்.

நோட்டு ஓரத்துல பென்சில்ல இன்னொரு விசயம். எதிர் வீடு மாடி வீடு, கிழக்கால இருக்கு, அதோட நிழல் காலையில இவங்க முற்றத்துல விழுது. வெயில் முதல்ல கார் ரூஃப தொடுறது 8:40க்கு, பேனட்டும் டிக்கியும் 8:50, கிழக்குப் பக்கத்து டோர் 9 மணி. மேக்குப் பக்கத்து டோருக்கு காரோட நிழலே போதும், உச்சி வரை நேர் வெயில் படாது. நிழலே இல்லாத முற்றம்னு நான் தார்பாய் கட்டுன எடத்துல காலையில ரெண்டு மணி நேரம் ஓசி நிழல் இருந்திருக்கு, தார்பாய் கட்டுற மும்முரத்துல நான் அண்ணாந்தே பாக்கல.

மாத்தின முடிவுகள்

இத வச்சு ரெண்டு பேரும் பேசி ஒரு ஏற்பாடு பண்ணோம். தார்பாய் வேண்டாம். ஒரே நாள்ல முடிக்கிற எண்ணம் வேண்டாம், புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் காலம்பற 6 மணிக்கு வந்து 9க்கு நிறுத்திட்டு நான் வேலைக்குப் போயிருவேன், எங்க ஷாப் 10 மணிக்குத் தான் திறக்கும். எந்த பேனலா இருந்தாலும் 38 டிகிரி தாண்டினா மெஷின் நிக்கணும், பாதியில நின்னாலும் பரவாயில்ல. வரிசை வெயில் வர்ற வரிசை, அதாவது ரூஃப் முதல்ல, அப்புறம் பேனட், டிக்கி, கிழக்கு டோர், கடைசியா மேக்கு டோர். கடையில நான் எப்பவும் பேனட்ல தான் ஆரம்பிப்பேன், ஓனர் கண்ணு அங்க தான் போகும்னு.

குறியையும் கொறச்சேன். கீறல ஆழமா வெட்டுற கட்டிங் காம்பவுண்ட், அப்புறம் பளபளப்புக்கு பினிஷிங்னு ரெண்டு ஸ்டெப் போட்டா கீறல்ல முக்காவாசிக்கு மேல போகும், ஆனா ரெண்டு மடங்கு நேரம், ரெண்டு மடங்கு தடவ மணலுக்கு வாய்ப்பு, பெயிண்டும் ரெண்டு மடங்கு தேயும். இந்த கார் நாளைக்கும் இதே முற்றத்துல தான் நிக்கப் போவுது. அதனால நடுத்தர பாலிஷ் ஒண்ணு, கொஞ்சம் மெத்துன ஃபோம் பேட் ஒண்ணு, ஒரே ஸ்டெப். பாதி கீறல் போனா போதும், ஆழமானது இருக்கட்டும். சார் இதுக்கு சட்டுனு ஒத்துக்கிடல, மகன்ட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சார், கேஜ்ல 94ன்னு காட்டினதும் சரின்னார்.

சின்ன மாற்றம் சிலது. ஒரு தடவைக்கு ரெண்டடிக்கு ரெண்டடி போடுறத ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியாக்கினேன். பேட் எட்டு எடுத்தேன், எப்பவும் நாலு தான், ஒவ்வொண்ணும் மூடி போட்ட டப்பாவுக்குள்ள, டவலும் அப்படியே, கீழ விழுந்தது எதுவும் அன்னைக்கு திரும்ப கார தொடாது. போர் வெள்ளத்துல கழுவிட்டு கடைசி ஒரு தடவ மட்டும் கேன் வெள்ளத்த ஊத்தி, ப்ளோயரால ஊதிக் காய வைக்கிறது, அப்ப தான் சுண்ணாம்புப் புள்ளி புதுசா விழாது.

டீச்சரம்மாட்ட தான் பெரிய பேச்சுவார்த்தை. விடிஞ்சதும் வாரியல எடுத்து முற்றம் தூத்து, தெளிச்சு, கோலம் போடுறது அவங்க வழக்கம், சரியா 6 மணிக்கு. அந்தத் தூசி பூரா கார் மேல தான் வரும். மூணு நாளைக்கு முந்துன நாள் சாயங்காலமே தூத்து, காலையில வெறும் தெளிப்பு மட்டும் போதும்னு கேட்டேன். "சாயங்காலம் விளக்கு வச்ச பொறவு முற்றம் தூத்தக்கூடாது"ன்னாங்க. அஞ்சரைக்கே தூத்துருங்கன்னு சார் சொல்ல, சரின்னுட்டாங்க. ஈரத்தரை மணல பிடிச்சு வச்சுக்கிடும், அதுக்கு எந்தக் கம்பெனி பொருளும் வேண்டாம்.

புதன், வியாழன், வெள்ளி

புதன்கிழமை முதல் அரை மணி வீணாப் போச்சு, காரணம் பனி. 6:15க்கு கழுவி ஊதித் தொடச்சு, பழைய மெழுகு போக ஐசோபுரோபைல் ஆல்கஹால் அடிச்சுத் தொடச்சா, கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி பேனல் திரும்பத் திரும்ப வேர்க்குது. ராத்திரி பூரா வானத்தப் பாத்து குளுந்த ரூஃப், பக்கத்துக் காத்த விட குளுச்சியா இருக்கு, ஆல்கஹால் ஆவியாகி இன்னும் குளுக்குது, காத்துல உள்ள ஈரம் வந்து படிஞ்சுருது. அதுக்கு மேலயே பாலிஷ் போட்டேன், வழுக்கிட்டு ஓடுச்சே தவிர ஒண்ணும் வெட்டல. சூடு மட்டும் தான் எதிரின்னு நெனச்சு வந்தவனுக்கு குளுரும் ஒரு கணக்கு வச்சிருந்துச்சு. 7 மணி வரை சும்மா ஒக்காந்து கட்டஞ்சாயா குடிச்சோம். 7:05க்கு தொடச்சப்ப வேர்க்கல. அப்புறம் 8:40 வரை ரூஃப் முழுசும் முடிஞ்சுது, காக்கா எச்சம் தடத்துல ரெண்டு மங்கிப் போச்சு, ஒண்ணு ஆழம், விட்டுட்டேன்.

வியாழன் தான் மூணு நாள்ல நல்ல நாள். சார் கையில கன்ன வச்சிட்டு கூடவே நடந்தார், "முப்பது... முப்பத்தி ரெண்டு..."ன்னு பரிச்சை ஹால்ல நேரம் சொல்ற மாதிரி. பாலிஷ் அதே பாலிஷ், மெஷின் அதே மெஷின், ஆனா மூணு சொட்டுல நாலு பாஸ் (அந்த எடம் பூரா ஒருக்க ஓட்டுறது ஒரு பாஸ்) ஓடி, ஈரம் காயாம, ஒரு தொடைப்புல சுத்தமா வந்துச்சு. ஞாயித்துக்கிழமை பேனட்ல நான் பட்ட பாடு எதுவுமே இல்ல. பன்னிவால் கோட்டுல முக்காவாசி எடுத்தாச்சு, முன் விளிம்புக்கு பக்கத்துல ஒரு விரல் நீளம் மட்டும் நிக்கிது, இன்னும் நாலு பாஸ் போட்டா போயிருக்கும், அந்த எடத்துல கேஜ் 99, போடல. 9:05க்கு சார் "முப்பத்தி எட்டு, பேனாவ கீழ வை"ன்னார்.

வெள்ளிக்கிழமை டோர் எல்லாம். 7:40 வாக்குல பக்கத்து விளையில (தோப்புல) யாரோ சருகு கூட்டி தீ வச்சிட்டாங்க, சாம்பல் மிதந்து வந்துச்சு. முன்னால உள்ள நானா இருந்தா ஊதிட்டு ஓட்டிருப்பேன். மெஷின வச்சிட்டு டப்பா எல்லாம் மூடிட்டு நின்னோம், சார் போய் சொல்லி அணைச்சு, திரும்ப கழுவி ஆரம்பிக்க 8:20. கிழக்கு டோர் ரெண்டும் அவசரமில்லாம 9க்குள்ள ஒரு பாஸ் கம்மியா முடிச்சேன். மேக்குப் பக்கம் 9:40 வரை 31 டிகிரியிலயே நின்னுச்சு, அன்னைக்கு எங்க ஷாப்ல லேட்டுக்கு பேச்சு வாங்கினது தனிக்கதை. ரீபெயிண்ட் டோர் மெத்துன பெயிண்ட், மெஷின் வேகத்தக் கொறச்சு ரெண்டு பாஸோட நிறுத்தினேன்.

மேல என்ன பூசுறது

துபாய் மகன் செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல இறுகி நிக்கிற காப்புப் பூச்சு) போடச் சொல்லி பாட்டிலே வாங்கி அனுப்புறேன்னு சொன்னான். வேண்டாம்னு சொன்னேன். அது பூசி முதல் சில மணி நேரம் ஈரம் படக்கூடாது, ஒரு நாள் முழுக்க காஞ்சு கெடந்தா நல்லது. இந்த முற்றத்துல ராத்திரி பனி நிச்சயம், பகல்ல மணல் நிச்சயம், அது பாதி இறுகும்போது மேல விழுந்த மணல் அப்படியே ஒட்டி நிக்கும், அத எடுக்க திரும்ப பாலிஷ் தான். கூரைக்கடியில ஒரு நாள் பூட்டி வைக்க முடிஞ்சா போடலாம், இல்லன்னா காசு வீண். சனிக்கிழமை காலம்பற சாதாரண ஸ்ப்ரே சீலன்ட் (அடிச்சுத் தொடைக்கிற லேசான காப்புப் பூச்சு) தான் போட்டேன், பேனல் பேனலா அடிச்சு ஒடனே தொடைக்கிறது, மொத்தம் 50 நிமிசம். மூணு மாசத்துக்கு ஒருக்க சாரே போட்டுக்கிடலாம்.

என்ன ஆச்சு

டார்ச் அடிச்சுப் பாத்தா பாதிக்கு மேல கீறல் போயிருந்துச்சு, பேனட்ல கேஜ் ரெண்டு, மூணு மைக்ரான் கொறஞ்சிருந்துச்சு. பத்தடி தள்ளி நின்னா கண்ணாடி, பக்கத்துல வந்தா கீறல் தெரியும், அது தான் உண்மை. நிச்சயத்தன்னைக்கு கார் வாசல்ல நின்னுச்சு, மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர் புது காரான்னு கேட்டாராம், சார் இத எங்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டார். ரூஃப் ஓரத்துக் கொத்துல டச்சப் போட்டது உத்துப் பாத்தா இப்பவும் தெரியும்.

கவர் போடுறதும் வேட்டியால தட்டுறதும் அன்னையோட நின்னுச்சு. முதல்ல வெறும் வெள்ளத்த அடிச்சு மணல எறக்கி, அப்புறம் ரெண்டு வாளி வச்சு, ஒண்ணுல சோப்பு, ஒண்ணுல அலச. சித்திரை பொறக்குற நேரம் போய் பாத்தேன், ஏப்ரல் நடுவுல நம்ம பக்கம் உச்சிப் பொழுதுல சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல நிக்கும், ரூஃப் படுற பாடு கேக்க வேண்டாம். புதுக் கீறல் கம்மி. ஆனா கோடை மழை பெய்ஞ்சு ஒடனே வெயில் அடிச்சதுல ரூஃப்ல புள்ளி திரும்ப வந்திருந்துச்சு, மழை விட்டதும் ஒரு தடவ கழுவிருந்தா வந்திருக்காது, அந்த நேரம் சார் மத்தியானத் தூக்கத்துல இருந்திருக்கார்.

அடுத்த தடவ எப்படி செய்வேன்

இப்ப யாரு வெளிய நிக்கிற காருக்கு கூப்பிட்டாலும் முதல் நாள் மெஷின் எடுத்துட்டுப் போறது இல்ல. கன்னும் டேப்பும் தான் போகும், ஓனர் பொறுப்பா ஆளா இருந்தா ஒரு நாள் அவரையே எழுத வைக்கேன். தார்பாய் கட்டவே கட்டாதன்னு சொல்ல மாட்டேன், மேக்க தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள காத்து அண்டாத வீடுன்னா, வெள்ளைத் துணிப் பந்தல் உயரமா போட்டு மத்தியானமும் செஞ்சிருக்கேன். கடக்கரையில அது நடக்காது. கூலியும் நாள் கணக்கா பேசுறத விட்டுட்டு வேலை கணக்கா பேசுறேன், நாள் கணக்குல பேசினா 9 மணிக்கு நிறுத்த மனசு வராது.

இந்த மூணு காலை திட்டம் மாசியில சரியா வந்துச்சு. ஆனி கடைசியில சார் காருக்கு சீலன்ட் போடணும்னு கூப்பிட்டார், போக கெளம்பினேன். கெளம்புற முன்ன போன்ல ஒரு படம் வந்துச்சு, எவர்சில்வர் தட்டுல செல்லோ டேப், காலம்பற 7 மணிக்கு எடுத்தது, எழுத்துப் பலகை மாதிரி கருப்பா மணல். தென்மேக்கு காத்து ராத்திரியும் விடல. கீழ சார் எழுதிருந்தார்: "ஆவணி கழியட்டும் மக்ளே, இப்ப வராத."